தாத்தாவின் அப்பாவைத் தேட எங்கே தொடங்குவது: பரணா, பதிவு அலுவலகமா, தாலுகாவா?

என் தாத்தாவின் அப்பா விவசாயி. இதற்கு மேல் எங்கள் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. எவ்வளவு நிலம் இருந்தது, சொந்தமா குத்தகையா, கடன் இருந்ததா, எந்த வருஷம் செத்தார், ஒன்றுக்கும் பதில் இல்லை. போட்டோகூடக் கிடையாது. தேடலாம் என்று ஆரம்பித்தபோது ஆளுக்கொரு வழி சொன்னார்கள். சித்தப்பா, "தாலுகா ஆபீசுக்குப் போய் எஸ்.எல்.ஆர். நகல் வாங்குடா, எல்லாம் வந்துரும்" என்றார். பத்திரம் எழுதும் நண்பர் ஒருவர், பழைய வில்லங்கம் (ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) போட்டுப் பார்த்தாலே போதும் என்றார். அத்தை மட்டும், "பரண்ல டிரங்குப் பெட்டி கிடக்குதே, அதை எவனாவது திறந்து பார்த்தீங்களா?" என்று கேட்டார். நான் மூன்றையும் செய்தேன், தப்பான வரிசையில் செய்தேன். அதனால்தான் எது யாருக்கு ஆகும் என்று எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. இது தமிழ்நாட்டு நிலப் பதிவுகளை வைத்து எழுதியது.

முதலில் தாலுகா வழி. வருவாய்த்துறைக் கணக்குகளின் பெரிய பலம், அவை நம் குடும்பம் அக்கறையாக இருந்ததா இல்லையா என்பதைப் பற்றிக் கவலைப்படாமல் எழுதப்பட்டவை. தாமஸ் மன்றோ காலத்து ரயத்துவாரி முறையில் அரசாங்கம் நேராகக் குடியானவனிடம் தீர்வை வாங்கியது, அதற்கு எந்தத் துண்டு யார் பேரில் என்று தெரிந்தாக வேண்டும். 1858-இல் சென்னை மாகாணத்தில் சர்வே, செட்டில்மெண்ட் வேலைக்கென்றே துறை வந்த பிறகு, ஒவ்வொரு துண்டுக்கும் எண் போட்டு, நஞ்சையா புஞ்சையா, மண்ணின் தரம் என்ன, எந்த ஏரிப் பாசனம், தீர்வை எவ்வளவு, பட்டாதாரர் யார் என்று கிராமம் கிராமமாகப் பதிவேடு போட்டார்கள். நாம் எஸ்.எல்.ஆர். என்று சொல்வது அந்தச் செட்டில்மெண்ட் பதிவேடுதான். தாலுகாவில் இல்லையென்றால் மாவட்ட ஆட்சியர் அலுவலக ஆவணக் காப்பறையில் கேட்க வேண்டும், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டும் கேட்கலாம்.

இணையத்தில் பட்டா, சிட்டா, அ-பதிவேடு எல்லாம் பார்க்க முடிகிறதே என்று கேட்பீர்கள். அது இன்றைய நிலை. அதன் வேர் 1979-இல் தொடங்கிய யூ.டி.ஆர். வேலை, அதாவது நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த திட்டம். அதற்கு முன்னால் செத்துப்போன ஒருவரை அங்கே தேடினால் அவர் பிள்ளைகள்தான் அகப்படுவார்கள், அதுவும் பேர் பிழையாக.

நான் சித்தப்பா பேச்சைக் கேட்டு முதலில் இங்கேதான் போனேன். கையில் சர்வே நம்பர் இல்லை, ஊர்ப் பேரும் ஆள் பேரும்தான். பல தடவை அலைந்து, கடைசியில் ஒரு பக்கத்தின் நகல் கிடைத்தது. அதில் கொள்ளுத்தாத்தா பேரில் நாலு ஏக்கர் சொச்சம் புஞ்சை! வீட்டில் எல்லோருக்கும் வாட்ஸாப்பில் அனுப்பிக் கொண்டாடினோம். ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அது வேறொருவர். குலசாமி பேரையே தலைமுறைக்குத் தலைமுறை வைக்கும் ஊரில் ஒரே பேரில் மூன்று பேர் இருந்திருக்கிறார்கள், எனக்குக் கிடைத்த பக்கத்தில் தகப்பனார் பேர் இல்லை. பதிவேட்டின் மேல் குற்றம் இல்லை. அதற்கு நிலம்தான் ஆள், மனிதன் அந்த நிலத்துக்கு ஒரு கட்டம் மட்டுமே. சர்வே நம்பரைக் கொண்டுபோனால் பதில் சொல்லும், பேரைக் கொண்டுபோனால் ஏமாற்றும்.

அப்புறம் அடங்கல். கிராமக் கணக்கில் இரண்டாம் நம்பர். இந்த நிலத்தில் இந்த வருஷம் என்ன பயிர், எவ்வளவு பரப்பில், எந்தத் தண்ணீரில் என்று வருஷா வருஷம் எழுதுவது. ஒரு விவசாயியின் உழைப்புக்கு இதைவிட நெருக்கமான அரசாங்கக் காகிதம் கிடையாது. கம்பு போட்டாரா, கடலைக்கு மாறினாரா, எந்த வருஷம் தரிசாகப் போட்டார் என்பதெல்லாம் இதில்தான் இருக்கும். ஆனால் பழைய அடங்கல் பல ஊர்களில் மிஞ்சவில்லை. 1980-இல் பரம்பரைக் கர்ணம் (ஊர்க் கணக்கர்), மணியம் (ஊர்த் தலைவர்) பதவிகளை ஒழித்து கிராம நிர்வாக அலுவலர்களைக் கொண்டுவந்தபோது கணக்குகள் கைமாறின. கிடைத்தால் புதையல் என்று எடுத்துக்கொள்ளுங்கள், அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

இன்னொன்று, இதைத் தெரிந்துகொள்ளாமல் தாலுகா வாசலில் நிற்கவே கூடாது: உங்கள் ஊர் அந்தக் காலத்தில் யார் கையில் இருந்தது? ராமநாதபுரம், சிவகங்கை, எட்டயபுரம் மாதிரி ஜமீன் ஊராக இருந்தால், 1948-ஆம் வருஷ ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் அரசாங்கம் அங்கே செட்டில்மெண்ட் செய்து ரயத்துவாரி பட்டா கொடுத்தது. அதற்கு முந்தின கணக்கு ஜமீனுடையது. பல இனாம் (மானியமாக விட்ட) கிராமங்களில் இது 1963-க்கும் பிறகு போகும். புதுக்கோட்டை 1948 வரை தனி சமஸ்தானம். கன்னியாகுமரிப் பக்கம் 1956 வரை திருவிதாங்கூர், திருக்கொச்சி என்று இருந்ததால் கொல்லம் ஆண்டும் தண்டப்பேர் கணக்கும் வரும், பட்டா சிட்டா என்று கேட்டால் பழையதில் சரியாகப் பொருந்தாது. ரயத்துவாரி ஊர்க்காரர்களுக்கு வருவாய்த்துறை எவ்வளவு தூரம் பின்னால் அழைத்துப்போகிறதோ, அதில் பாதித் தூரம்கூட ஜமீன் ஊர்க்காரர்களுக்குப் போகாது.

அவர்களுக்கும், சொல்லப்போனால் முக்கால்வாசிப் பேருக்கும், நல்ல வழி பதிவுத்துறைதான். இதை நான் தயங்காமல் சொல்வேன். ஜமீனோ அரசாங்கமோ, அடமானமும் விற்பனையும் நடந்தால் பெரும்பாலும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்துதான் ஆக வேண்டும், வந்த பத்திரத்தை அங்கே முதல் புத்தகத்தில் வரி வரியாகக் கையால் எழுதி வைத்தார்கள். அதற்கு இரண்டு அட்டவணை: ஒன்று ஆள் பேர் வாரியாக, இன்னொன்று ஊர், சொத்து வாரியாக. 1908-ஆம் வருஷப் பதிவுச் சட்டப்படி இந்த முதல் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம், நகல் வாங்கலாம், நாம் வாரிசு என்று நிரூபிக்கத் தேவையில்லை. உயில் பதிவான மூன்றாம் புத்தகத்தில்கூட எழுதியவர் இறந்துவிட்டால் யாரும் நகல் கேட்கலாம்.

வில்லங்கம் இணையத்தில் பார்க்கலாம், ஆனால் பெரும்பாலும் 1975 வரைதான் பின்னால் போகும். அதற்கு முந்தியதற்கு நேரில் போய் மனு கொடுத்து, தேடவேண்டிய வருஷங்களுக்குக் கட்டணம் கட்டி, அவர்கள் பழைய அட்டவணையைப் புரட்டும்வரை காத்திருக்க வேண்டும். இதில் ஒரு தந்திரம் உண்டு. எல்லோரும் சொத்து வாரியாகத்தான் கேட்பார்கள், ஏனென்றால் வங்கிக் கடனுக்கும் வீடு வாங்கவும் அதுதான் தேவை. முன்னோரைத் தேடுகிற நமக்குப் பேர் வாரி அட்டவணைதான் வேண்டும், அதைத் தனியாகக் கேளுங்கள், முடிந்தால் பத்து வருஷத்துக்குள் சுருக்கிக் கேளுங்கள். தேடித் தருகிறவர்களும் மனிதர்கள்தான். ஊர் இப்போது எந்தச் சார்பதிவகத்தில் இருக்கிறது என்பதோடு, அப்போது எதில் இருந்தது என்றும் விசாரியுங்கள். மாவட்டமே மாறியிருக்கும். தர்மபுரி 1965 வரை சேலம், ஈரோடு 1979 வரை கோயம்புத்தூர், திண்டுக்கல் 1985 வரை மதுரை.

பத்திரத்துக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் விஷயம். எனக்குக் கிடைத்தது 1934-ஆம் வருஷத்து ஒத்திப் பத்திரம் ஒன்று (ஒத்தி என்றால், பணம் திரும்பும்வரை நிலத்தைக் கடன் கொடுத்தவர் அனுபவத்தில் விடும் அடமானம்). "௸" என்று ஒரு எழுத்து பக்கம் முழுக்க வந்தது, அது 'மேற்படி' என்று புரிய எனக்கு ஒரு நாள் ஆனது ("௵" என்றால் வருஷம், "௴" மாதம், "௳" நாள், இந்த நாலும் தெரிந்தால் பாதிப் பத்திரம் படித்த மாதிரி). இன்னார் குமாரர், இன்ன ஊர், சிவமதம், விவசாயம் என்று ஆளை முழுசாகச் சொல்லிவிட்டு, தன் தகப்பனார் வகையில் பாகத்துக்குக் கிடைத்த 62 சென்ட் நிலத்தையும், "நாலில் ஒரு பங்கு கிணறும் கமலைத்துறையும் வாய்க்கால் பாத்தியமும்" சேர்த்து 150 ரூபாய்க்கு ஒத்தி வைத்ததாக எழுதியிருந்தது. கிணற்றில் நாலில் ஒரு பங்கு என்றால் நாலு நாளுக்கு ஒரு நாள் தண்ணீர். இந்த ஒரு வரியில் அவர் எப்படி வெள்ளாமை செய்திருப்பார் என்று எனக்குத் தெரிந்த அளவு, ஆறு மாதம் வைத்திருந்த பதிவேட்டு நகலில் தெரியவில்லை. கீழே சாட்சிகள், அப்புறம் பதிவு அலுவலகத்தில் இன்னார்தான் இவர் என்று அடையாளம் சொன்னவர்கள், தகப்பனார் பேரோடு. அதில் ஒருவர் கொள்ளுப்பாட்டியின் அண்ணன் என்று அத்தை சொன்னார். கஷ்ட காலத்தில் கூட வந்து நின்றவர் யார் என்பது எந்தத் தாலுகாவிலும் எழுதியிருக்காது.

நாலெல்லையைப் படிக்கும்போது கவனம். "ஓடைக்குத் தெற்கு" என்று எழுதியிருந்தால் ஓடைக்குத் தெற்கே நிலம் இருக்கிறது, அதாவது நிலத்துக்கு வடக்கு எல்லை ஓடை. நான் தலைகீழாக எடுத்துக்கொண்டு ஓடையின் அந்தப் பக்கம் போய், யாரோ ஒருவர் தென்னந்தோப்பில் நின்று உணர்ச்சிவசப்பட்டுவிட்டு வந்தேன்.

பதிவுத்துறைக்கும் ஓட்டைகள் உண்டு. ஊரில் பெரியவர்களை வைத்து வாய்மொழியாகப் பாகம் பிரித்திருந்தால் அங்கே வராது, பதியாத கூர்ச்சீட்டு (யாருக்கு எந்தப் பங்கு என்ற குறிப்பு) மட்டும் வீட்டில் கிடக்கும். 1882-ஆம் வருஷச் சொத்து மாற்றுச் சட்டம் 100 ரூபாய்க்குக் குறைந்த கிரயத்துக்குப் பதிவைக் கட்டாயமாக்கவில்லை, அந்தக் காலத்தில் ஒரு துண்டுப் புஞ்சை 100 ரூபாய்க்குக் கீழே போவது ஒன்றும் அதிசயம் இல்லை. இன்னும் முக்கியமானது, நிலத்தை வாங்காமல் விற்காமல் அடகு வைக்காமல் அப்பன் கொடுத்ததை உழுது பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுப் போன நிம்மதியான மனிதர் பதிவுத்துறைக்குத் தெரியவே மாட்டார். அப்படிப்பட்டவருக்கு மட்டும் வருவாய்த்துறைதான் கதி.

சரி, பரண். மூன்றில் இதைத்தான் நான் கடைசியில் செய்தேன், முதலில் செய்திருக்க வேண்டும். செலவு கிடையாது, அலைச்சல் கிடையாது, கொஞ்சம் தும்மல். பெட்டியில் இருந்தது ஒரு மஞ்சள் துணி மூட்டை: மூன்று புரோநோட்டு, சில பத்திரங்கள், ஒரு கத்தை கிஸ்து (நிலவரி) ரசீது, யாருடையது என்றே தெரியாத ஒரு ஜாதகம்.

வீட்டுக் காகிதத்தில் இருக்கிற ஒரு செய்தி நகலில் இருக்காது: அது ஏன் இந்த வீட்டில் இருக்கிறது என்பது. கடனை அடைத்தால்தான் புரோநோட்டு கடன் வாங்கியவர் கைக்குத் திரும்பும். ஆகவே உங்கள் முன்னோர் கடன்காரராகக் கையெழுத்துப் போட்ட நோட்டு உங்கள் பெட்டியில் இருந்தால் அவர் அடைத்துவிட்டார் என்றே பெரும்பாலும் அர்த்தம். அவர் கொடுத்த கடனின் நோட்டு பெட்டியில் இருந்தால், பாவம், அது வரவே இல்லை. ஒத்திக்கும் இதே கணக்கு. எங்கள் 1934 ஒத்தியின் மூலப் பத்திரம் மூட்டையிலேயே இருந்தது, பின்பக்கம் 1939-இல் பணம் முழுதும் பெற்றுக்கொண்டதாக வரவு எழுதியிருந்தது. நான் காசு கட்டி வாங்கிய நகலில் இந்த வரவு இல்லை, இருக்கவும் முடியாது, பதிவு முடிந்த பிறகு எழுதியது. நகலை மட்டும் வைத்திருந்தால், அந்த 62 சென்ட் கையை விட்டுப் போய்விட்டது என்றுதான் நினைத்திருப்பேன்.

மூன்று நோட்டில் ஒன்று 1930-ஆம் வருஷத்தது, 80 ரூபாய். பின்பக்கம் 1932, 1935, 1938 என்று மூன்று வரவு, ஒவ்வொன்றும் ரெண்டு ரூபாய், மூணு ரூபாய். இவ்வளவு சின்னத் தொகையை எதற்கு இப்படி இடைவெளி விட்டுக் கட்டினார் என்று குழம்பினேன். நோட்டுக்குக் காலாவதி மூன்று வருஷம், அதற்குள் ஒரு வரவு எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கினால்தான் கடன் உயிரோடு இருக்கும், கடன் கொடுத்தவர் அதற்காகத் தேடிவந்து வாங்கியிருக்கிறார். கடைசி வரவு 1941-இல், 80 ரூபாய், அசல் மட்டும், வட்டி இல்லை. 1930-களில் தானிய விலை விழுந்து விவசாயிகள் கடனில் முழுகியிருந்த நேரத்தில், 1938-இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் 1932 அக்டோபருக்கு முந்தின கடன்களில் 1937 அக்டோபர் 1 வரை நிலுவையில் நின்ற வட்டியைத் தள்ளிவிட்டது. அதற்குப் பிறகு கொஞ்ச காலத்து வட்டியைக் கடன் கொடுத்தவரே விட்டிருக்கலாம், இல்லை வாயால் பேசி முடித்திருக்கலாம். எப்படியோ, ஒரு சட்டம் எங்கள் வீட்டு வாசல்வரை வந்து போனதைக் கைரேகையோடு பார்த்தேன்.

வீட்டுக் காகிதத்தில் தேதிதான் தொல்லை. தேதி கிழிந்திருந்தால் முத்திரைத்தாளில் எந்த ராஜா தலை என்று பாருங்கள், ஐந்தாம் ஜார்ஜ் என்றால் 1910 முதல் 1936-ஐ ஒட்டி. தாளின் பின்பக்கம் முத்திரைத்தாள் விற்றவர் எழுதிய குறிப்பிலும் தேதியும் வாங்கியவர் பேரும் இருக்கும். ரசீதுகளில் பசலி, அதாவது வருவாய்த்துறை ஆண்டு, போட்டிருக்கும், அதோடு 590-ஐக் கூட்டினால் அந்தப் பசலி ஜூலையில் தொடங்கும் ஆங்கில வருஷம் வரும். தமிழ் வருஷப் பேர் மட்டும் இருந்தால் அறுபது வருஷச் சுற்று என்பதால் இரண்டு விடை வரும். ருத்ரோத்காரி 1923-உம்தான், 1983-உம்தான், எது என்று காகிதத்தைத் தொட்டாலே தெரியும். பெரியவர்கள் "தாது வருஷத்துப் பஞ்சத்துல வந்தவங்க நாம" என்று சொன்னால் அது 1876-இல் தொடங்கிய பெரும் பஞ்சம், 1936 தாது அல்ல. இந்த மாதிரி வாய்ச்சொல்லையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், ஆனால் ஏக்கர் கணக்கில் மட்டும் நம்பாதீர்கள். எங்கள் வீட்டுப் பேச்சில் 62 சென்ட் மூன்று ஏக்கராக வளர்ந்திருந்தது.

இவ்வளவும் பேரில் நிலமோ கடனோ இருந்தவர்களுக்கு. பண்ணையாளாகவோ வாரத்துக்கோ (விளைச்சலில் பங்குக்கு) உழுதவர் என்றால் பட்டாவிலும் பத்திரத்திலும் அவர் இருக்க மாட்டார், நான் மேலே சொன்ன வரிசை அப்படியே கவிழ்ந்துவிடும். குத்தகைக்காரர் என்றால் 1969-ஆம் வருஷக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி போட்ட பதிவேட்டில் பேர் இருக்கலாம். தலித் குடும்பம் என்றால், 1892 முதல் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் ஊரின் பழைய பதிவேட்டில் எந்தெந்த எண்ணில் இருந்தன என்று வருவாய்த்துறையில் பார்ப்பதுதான் முதல் வேலை, அங்கே பதிவுத்துறை இரண்டாம் பட்சம். பிழைக்கக் கப்பலேறியவர் என்றால் இன்னும் வேறு. 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாகப் போனவர்களின் கப்பல் பட்டியலில் தகப்பனார் பேர், வயது, ஊர், தாலுகா, உடம்பில் உள்ள அடையாளம்வரை எழுதியிருக்கிறார்கள். ஊரில் இருந்தவரைவிட ஊரை விட்டுப் போனவரைப் பற்றி அதிகம் எழுதி வைத்திருக்கிறார்கள் என்பது வேடிக்கைதான். பெண்கள்? பாட்டிகளைத் தேடுகிறவர்கள் தான செட்டில்மெண்ட், மைனர் பிள்ளைக்குக் கார்டியனாகக் கையெழுத்துப் போட்ட பத்திரம், இவற்றைத்தான் பார்க்க வேண்டும். அதுவும் பதிவுத்துறையில்தான்.

ஆக, எனக்கு மறுபடி தொடங்க வாய்ப்புக் கிடைத்தால்: ஒரு ஞாயிற்றுக்கிழமை பரண், அதில் ஒரே ஒரு சர்வே நம்பரோ தகப்பனார் பேரோ கிடைத்தால் போதும், அதோடு சார்பதிவகம். தாலுகாவுக்குக் கடைசியில், கையில் நம்பரோடு மட்டும். பரணில் ஒன்றுமே இல்லாத வீட்டுக்காரர்கள் நேராகப் பேர் வாரி அட்டவணைக்குப் போங்கள். ரயத்துவாரி ஊர், பரம்பரை நிலம், இன்றைக்கும் அதே நிலம் உங்கள் கையில் என்றால் மட்டும் சித்தப்பா சொன்னதுதான் சரி, நேரே எஸ்.எல்.ஆர். கேளுங்கள்.

கொள்ளுத்தாத்தா இறந்த தேதி மட்டும் எனக்கு எங்கேயும் கிடைக்கவில்லை. மணியக்காரர் எழுதிய பழைய ஜனன மரணப் பதிவேட்டில் அந்த வருஷங்கள் இல்லை. போன மாதம் கிஸ்து ரசீதுகளைப் பசலி வாரியாகத் தரையில் பரப்பி அடுக்கிக்கொண்டிருந்தேன். 1352 வரை அவர் பேர். 1354-இல் கொள்ளுப்பாட்டி பேர், பக்கத்தில் 'மைனர் கார்டியன்'. 1353-க்கு மட்டும் ரசீது இல்லை. 590-ஐக் கூட்டிப் பார்த்தேன், 1943 ஜூலை முதல் 1944 ஜூன் வரை. அத்தையிடம் சொன்னேன். "அப்படின்னா அப்பாவுக்கு அப்போ பதிமூணு வயசு" என்றார்.